எழுதியவர் சன்னாசி

ஈப்போ கல்யாண மண்டபத்தில் ஜெயபாலன் ‘தங்கமே’ பாட்டை ஆட்டம் போட்டுப் பாடி, கைதட்டலையும் வாங்கிக்கொண்டான். பாட்டை எழுதிய சன்னாசியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் நின்ற சன்னாசிக்கு வயிறு எரிந்தது.

எழுபத்தெட்டாம் வருஷத்திலிருந்து இதே அநியாயம்தான். ரேடியோவில் நேயர்கள் விரும்பிக் கேட்பது இவன் பாட்டு. கேசட் அட்டையில் பல்லைக் காட்டுவது ஜெயபாலன்.

“மச்சான், என் பேரச் சொன்னா ஒனக்கு வாய் வலிக்குமா?”

“மறந்துட்டேன்லா. இப்பச் சொல்றேன் பாரு.”

சொன்னான். “ஸ்பீக்கர் தூக்கிட்டு வந்த சன்னாசி அண்ணனுக்கும் நன்றி.”

ஸ்பீக்கர் தூக்கியதும் உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சல். சன்னாசி மேடையேறி மைக்கைப் பிடுங்கினான்.

“தங்கமே பாட்ட எழுதினது நான். என் சொந்தக் கற்பனை. அடுத்தவன் சரக்க தன்னோடதுன்னு காட்டிக்கிறவன் திருடன். இப்ப நானே பாடுறேன், கேளுங்க.”

திருடன் என்றதும் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்தார். கிட்டார்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

யாருக்கு வேண்டும் இவர்கள் தாளம்? சன்னாசி கண்ணை மூடி, தனியாக இழுத்து இழுத்துப் பாடினான்.

“தங்கமே... என்னைவிட்டுத் தனியாகப் போனதென்ன...”

அவன் பிறந்த செமோர் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பெண்கள், இலையிலிருந்து தலை நிமிர்ந்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி விசும்பினாள்.

ஜெயபாலன் பாட்டுக்கு யாராவது அழுததுண்டா? சன்னாசி இன்னும் இழுத்தான். பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். மணப்பெண் தாலியைப் பிடித்தபடி மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

பெண்ணின் தாய் மங்களம் ஓடி வந்தாள். “நிப்பாட்டு தம்பி. கல்யாண வீட்டுல பாடுற பாட்டா இது?”

“இது லவ் பாட்டு, அக்கா. ஒவ்வொரு வரியும் நானே யோசிச்சு எழுதினது. இன்னிக்காவது என்னைப் பாட விடுங்க.”

தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் ஆளனுப்பி அழைக்கப்படும் ராக்காயி, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் மேடையருகே வந்து நின்றாள்.

“ஒங்கப்பன் செத்தன்னிக்கு நான் வச்ச ஒப்பாரி தம்பி அது. மைக்கக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி எம் பேரயும் சொல்லிரு.”