கிராணியார் கோட்டும் வெள்ளாவியின் ராஜாவும்

பேராசிரியரே, நீங்கள் எழுதியது பொய்.

தெரியாமல் நடந்த தவறு என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் மேடையேறிய வெள்ளாவியின் நாடகங்களை வெள்ளாவி எழுதவில்லை, ரயில் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா பெரிய கிராணியார்தான் எழுதினார் என்று போன வாரம் இதே பத்திரிகையில் அச்சடித்துவிட்டீர்கள். வரப்போகும் புத்தகத்தின் அட்டையிலும் கிராணியார் பெயர்தானாம். கையெழுத்துப் போடத் தெரியாத, துணி வெளுக்கும் டோபிக்கு அரண்மனையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்கள். கிராணியார் மட்டும் எந்த அரண்மனையில் குடியிருந்தார்? எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி, ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்தார்.

வெள்ளாவியைப் போலத் தலைக்கனம் பிடித்த மனிதர் மலாயா பூராவிலும் கிடையாது. அடக்கமான ஏழைக் கலைஞர் என்று யாராவது எழுதினால் அவர் எழுந்து வந்து அடிப்பார். "உன் வேட்டிக்கு நான் வேணும். எனக்கு உன் வேட்டி வேணாம், தூக்கிட்டுப் போ" என்று வாடிக்கையாளரை விரட்டுவார். அழுக்குத் துணியை ஆவியில் வேகவைக்கிற அடுப்புதான் வெள்ளாவி. அதன் பக்கத்திலேயே நின்று நின்று அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் நாடகம் எழுதியது காகிதத்தில் இல்லை, ஆற்றங்கரைக் கல்லில். துணியை ஓங்கி ஒரு அடி, ஒரு வசனம். மறு அடி, மறு வசனம். நடிகர்களாகிய நாங்கள் முழங்கால் தண்ணீரில் எதிரே நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். வில்லன் வசனத்துக்குப் படுக்கை விரிப்பை எடுப்பார். ராணி வசனத்துக்குக் கைக்குட்டை. மறந்துபோனால் ஈரத்துண்டு முகத்தில் விழும். அதிகம் வாங்கியவன் நான். ரயில் கொட்டகையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான்தான், மீசையை எடுத்துவிட்டு எல்லா நாடகத்திலும் ராணி.

உடுப்புக்கு எங்கே போவது? கட்டிக்கொள்ளத் துணியில்லாமல் ஊரே சாக்கைத் தைத்துப் போட்டுக்கொண்ட காலம். சலவைக்கு வந்த துணிதான் எங்கள் உடுப்பு. எந்தத் துணி வந்ததோ அதற்கேற்ற கதை. கல்யாணச் சேலை வந்தால் சுயம்வரம். மஸ்ஜித் இந்தியா தெருத் துணிக்கடை முதலாளி வீட்டுத் திரைச்சீலை வந்தால் அந்தப்புரம். கிராணியாரின் வெள்ளை டிரில் கோட்டு மட்டும் வாரம் தவறாமல் வரும். அதனால்தான் எல்லா நாடகத்திலும் ஒரு ராஜா உண்டு, அவர் கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டில் பித்தளைப் பொத்தானோடு வருவார். 'அதிகார வர்க்கத்தின் மீதான நுட்பமான நையாண்டி' என்று இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

விஷயம் தெரிந்ததும் கிராணியார் ஆற்றங்கரைக்கே ஓடிவந்தார்.

"டேய் வெள்ளாவி! என் கோட்டைப் போட்டுக்கிட்டு எவனோ ராஜாவா நிக்கிறானாமே?"

"நிக்கத்தானே செய்றான், கிராணியாரே. உக்காந்தாத்தான் கசங்கும்."

"இப்பவே திருப்பிக் குடுடா!"

"தாராளமா கொண்டுபோங்க. அடுத்த வாரம் நீங்களே தொவைச்சுக்குங்க. சவுக்காரம் எங்க கெடைக்குதுன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க லா."

ஊரில் சவுக்காரமே கிடையாது. சாம்பலை வைத்தே துணியை வெளுக்கத் தெரிந்தவர் வெள்ளாவி. கஞ்சிக்கு மரவள்ளி மாவு. அழுக்குக் கோட்டோடு போனால் ஆபீஸில் ஜப்பான்காரன் கன்னத்தில் அறைவான். கிராணியாருக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாடகத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து தன் கோட்டுக்குக் காவல் காத்தார்.

இப்போது உங்கள் ஆதாரத்துக்கு வருகிறேன். கிராணியார் ஒரு நாடகத்தையும் தவறவிட்டதில்லை என்கிறீர்கள். உண்மை. 'உட்காராதே, கையைத் தூக்காதே, கீழே விழாதே' என்று கீழேயிருந்து நடிகர்களை இயக்கினார் என்கிறீர்கள். அதுவும் உண்மை. வசனத்தோடு சேர்ந்து அவர் உதடு அசைந்ததாம். அசைந்தது. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருந்தால் அது என்ன வசனம் என்று சொல்லியிருப்பார்கள். பத்திரிகையில் போட முடியாத வசனம்.

நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்களே, வெறும் சிம்மாசனத்தைப் பார்த்து ராணி புலம்பும் காட்சி, அது பிறந்த கதையையும் கேளுங்கள். நாடகத்தின் நடுவில் ஆபீஸிலிருந்து ஆள் வந்தான், பெரிய ஜப்பான்காரன் உடனே கூப்பிடுகிறான் என்று. கிராணியார் மேடைமேல் ஏறினார். ராஜாவைத் திரைக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கோட்டை உரித்துக்கொண்டு ஓடினார். பனியனோடு நின்ற ராஜா வெளியே வர மறுத்துவிட்டான். மேடையில் நான் மட்டும்.

"டேய் ராணி! ராஜா வேட்டைக்குப் போனாரு, திரும்பி வரலன்னு சொல்லுடா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து வெள்ளாவி சீறினார். அப்புறம் வரி வரியாக அவர் சொல்ல, நான் அழுதுகொண்டே சொன்னேன். சோற்றை மூடி வைத்திருக்கிறேன், கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று போகும் அந்தப் புலம்பல் முழுவதும் அந்த நிமிஷத்தில் வந்தது. சயாமுக்குத் தண்டவாளம் போட ஜப்பான்காரன் வீட்டு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன நேரம், போனவர்கள் திரும்பவில்லை. நாடகம் பார்க்க வந்திருந்த பெண்கள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதார்கள். அதை எழுதியவர் கிராணியார் என்கிறீர்கள். அவர் அப்போது ரயில் பாதையோரம் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார், பேராசிரியரே!

கிள்ளானில் நாடகம் போட்டபோது ஒரு ஜப்பானிய அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். உங்கள் ராஜா ஏன் உட்காருவதே இல்லை என்று மொழிபெயர்ப்பவனை விட்டுக் கேட்டார். வெள்ளாவி அசரவில்லை.

"ஐயா உக்காந்திருக்கீங்க. ராஜாவானாலும் நிக்கத்தானே வேணும்?"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்து ஒரு கட்டிச் சவுக்காரம் பரிசு கொடுத்தார். லோரியில் ஊர் திரும்பும்வரை வெள்ளாவி அதை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தச் சவுக்காரத்தில் அவர் முதலில் துவைத்தது கிராணியாரின் கோட்டைத்தான். மறுநாள் ஆற்றங்கரையில் வைத்தே வெள்ளாவியை லோரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். கொடியில் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

கோட்டை மடித்துக் கிராணியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "இது அவன் ராஜாவோட கோட்டுடா. இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி ஆபீஸுக்குப் போவேன்?" என்றார். இப்போது கிராணியாரும் செத்துப்போய்விட்டார். அவர் கேட்காத பெயரை அவர் தலையில் கட்டி அவரையும் திருடனாக்கிவிட்டீர்கள்.

என் வீட்டுக்கு வந்தீர்கள். தேத்தண்ணி குடித்தீர்கள். ராணியின் புலம்பலை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனீர்கள். யார் சொல்லிக்கொடுத்தார் என்றும் அன்றைக்கே சொன்னேன். பிறகு ஏன் மாற்றினீர்கள்? துணி வெளுக்கிறவன் வாயில் அந்த வரிகள் வரக்கூடாதா? இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டு, ஊரறியப் பதில் சொல்லுங்கள்.

மேடையில் நான் அந்த வரிகளைச் சொல்லும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் வெள்ளாவியும் கூடவே முணுமுணுப்பார். இப்போதும் தனியாகச் சொல்லிப் பார்க்கும்போது ஒரு வரிக்கு ஒரு வரி நிறுத்திக் காத்திருக்கிறேன். நீங்கள் பதில் சொல்லும்வரை, அவருடைய ராஜாவைப் போல, நானும் உட்காரப் போவதில்லை.