நான்கு நொடி பேசாத பெட்டி

உலக வரைபடத்தில் இடம் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று விண்ணப்பங்களையும் அனுப்புவதற்கு முன்பே தொலைத்துவிட்ட நாடு வட்டாபுரி. அங்கே ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை அவரைப் பார்த்து முடிவு செய்யும் வழக்கம் கிடையாது. அரண்மனைக் கணினியின் வட்டில் பெயர் இருந்தால் இருக்கிறார். அரிசி, வீட்டுமனை, அரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மூன்றும் அந்தப் பெயருக்குத்தான். ஆள் என்பவர் அவற்றைத் தூக்கிச் செல்லும் வாகனம் மட்டுமே.

அந்தக் கணினியை ஆண்டது அரசரல்ல, 'கரு' என்கிற நிரல். கரு யாருடைய சொத்தும் அல்ல. அதன் ஒவ்வொரு வரியும் சந்தைத் திடலின் நீண்ட சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். யாரும் படிக்கலாம், பிழை கண்டால் திருத்தி ஒட்டலாம். சுவரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அரண்மனைக் கணினி ஏற்கும். ஆனால் திருத்தத்தின் கீழே எழுதியவர் கையெழுத்திட வேண்டும். வேறொருவர் அதை ஓட்டிப் பார்த்து 'சோதித்தேன்' என்று கையெழுத்திட வேண்டும். பிற்பாடு யார் வந்து கேட்டாலும் அந்த இருவரும் சுவர் முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டில் அரசருக்கே இல்லாத கடமை அது.

கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் புதிய வட்டுகளையும், அவற்றை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இரண்டையும் அரண்மனைக்கு விற்றார். பெட்டியோடு எப்படிப் பேசுவது என்கிற கையேட்டை மட்டும் தரவில்லை. வணிக ரகசியமாம். கருவுக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று பேச ஓர் இயக்கி தேவைப்பட்டது. அதை எழுத முன்வந்தவள் செண்பகவல்லி, பம்புசெட்டு பழுதுபார்க்கிறவள். மாற்றுப் பெட்டியைச் சுவரோரக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டளையாக அனுப்பி, வந்த பதிலைக் குறித்து, எட்டு மாதத்தில் இயக்கியை எழுதி முடித்தாள்.

சுவரில் எது ஏறலாம் என்று முடிவு செய்கிறவர் சுவர்க்காவலர் மருதப்பன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"வரிக்கு முன்னால எட்டு இடம் விடணும். நீ ஏழு விட்டிருக்க. எடுத்துட்டுப் போ."

"அண்ணே, ஒரு இடந்தானே?"

"இன்னைக்கு ஒரு இடத்த விடுவ. நாளைக்கு ஒரு ஊரையே விட்டுருவ."

அவள் எட்டாக்கிக் கொண்டுவந்தாள். அவர் ஓட்டிப் பார்த்து, 'சோதித்தேன்' என்று கையெழுத்திட்டார்.

பெட்டியின் வேகம் நாட்டை மயக்கியது. பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் 'எழுதியாயிற்று' என்று பதில் வந்தது. ஒரே நாளில் ஒரு லட்சம் பெயர்! வட்டுத்துறை அமைச்சர் பேரின்பநாதர், "கேட்பதற்கு முன்பே முடிக்கும் அரசு இது" என்று முழங்கினார். அரசர் உத்தமபாலர் செண்பகவல்லிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். கூட்டத்தில் கை தட்டியவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன். நன்றாகவே தட்டினேன், இரண்டு நாள் உள்ளங்கை எரிந்தது.

அப்போதுதான் நாணல்பட்டி அணைக்குள் மூழ்கியது. குடும்பத்துக்கு ஒருவராக நானூற்றுப் பன்னிரண்டு பேர் மாற்று மனைக்குப் பெயர் கொடுக்க வந்தார்கள். எல்லோருக்கும் 'எழுதியாயிற்று'. மறுநாள் காலை ஒரு மணி நேரம் மின்சாரம் போய் வந்தது. பட்டியலில் ஒருவர்கூட இல்லை. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி காணவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபிறகு அவர்களில் மாடத்தி என்கிறவள் அரண்மனைக்குப் போகாமல் சுவருக்கு வந்தாள். விரலால் வரிவரியாகத் தடவி, கீழே இருந்த கையெழுத்தில் நிறுத்தினாள்.

"செண்பகவல்லிங்கிறது யாரு?"

"நாந்தாங்க்கா."

"ஒன் பொட்டி எழுதியாச்சுன்னு மூணு வாட்டி சொல்லிருச்சு. நாங்க பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல கெடக்கோம். மாசக் கடைசியோட மனை குடுக்கிறத நிப்பாட்டிருவாங்களாம். கேக்கப் போனா, நீங்கல்லாம் இல்லவே இல்லைங்கான். நல்லாப் பாத்துச் சொல்லு தாயி. நாங்க இருக்கோமா, இல்லையா?"

செண்பகவல்லி அன்றே கொட்டகைக்குள் போய்ப் பெட்டியைத் துருவினாள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. பெயரைக் கேட்டதும் பெட்டி அதைத் தன் நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடுகிறது. மனம் வந்தால் பிறகு வட்டில் எழுதுகிறது. அதற்குள் மின்சாரம் போனால் பெட்டிக்கு ஒன்றும் நினைவில்லை. எட்டு மாதம் அதோடு பேசியவள் ஒரு நாளாவது மின்சாரத்தை நிறுத்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இடைவெளிகளை எண்ணிய மருதப்பனும் பார்க்கவில்லை. தொலைந்த ஊர்கள் இன்னும் பல இருந்தன. ஒவ்வோர் ஊரும் தான் மட்டுமே தொலைந்ததாக நினைத்து வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தது.

இரண்டு பெண்களும் அமைச்சரைப் பார்த்தார்கள்.

"பெட்டி உண்டு என்கிறது. நீங்கள் இல்லை என்கிறீர்கள்" என்றார் பேரின்பநாதர் கனிவோடு. "இதில் யாரை நம்புவது? பெட்டி கப்பலில் வந்தது. நீங்கள் நடந்து வந்தீர்கள்."

"ஐயா, தப்பு என்னோடது. திருத்தித் தாரேன்" என்றாள் செண்பகவல்லி.

"சால்வை போர்த்திய பிறகு தப்பு இருக்க முடியாது, அம்மா. மரபு இடம் தராது."

மறுநாளே முதலாம் ஆணை வந்தது: பெயர் காணவில்லை என்று புகார் தருவோர், தம் பெயர் பட்டியலில் இருப்பதற்கான சான்றை இணைக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டாம் ஆணை: மின்சாரம் போனால்தானே பெயர் போகிறது, ஆகவே அரண்மனையில் ஒருபோதும் மின்சாரம் போகாதபடி ஊர்களின் மின்சாரம் முழுவதும் அரண்மனைக்கே திருப்பப்படும். பம்புசெட்டுகள் நின்றன, நாற்று காய்ந்தது. பாரம் தாங்காமல் அரண்மனைக் கம்பி தினமும் இரண்டு முறை எரிந்ததால், முன்பு வாரத்துக்கு ஒருமுறை தொலைந்த பெயர்கள் இப்போது காலையிலும் மாலையிலும் தொலைந்தன. மூன்றாம் ஆணை சுருக்கமானது: பெட்டி ஒருமுறை சொன்னதைத் திரும்பக் கேட்பது அரச நிந்தனை.

செண்பகவல்லி சால்வையை மடித்து, கொட்டகையில் டீசல் எஞ்சினுக்கு அடியில் அதிர்வு தெரியாமலிருக்க வைத்தாள். மின்சாரம் இல்லாத ஊரில் அந்தப் பம்பு எஞ்சின்தான் அவளுக்கு மின்சாரம். பெட்டி ஏற்கக்கூடிய கட்டளைகள் இருநூற்று ஐம்பத்தாறு. முன்பு பதில் வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டிருந்தாள். இப்போது ஒன்றிலிருந்து தொடங்கினாள். மாடத்தி எஞ்சினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

இருநூற்று முப்பத்தொன்றாம் கட்டளைக்குப் பெட்டி வாய் திறக்கவில்லை.

"செத்துப் போச்சா?" என்றாள் மாடத்தி.

"இருங்க."

நான்கு நொடி. உள்ளே வட்டு கரகரத்தது. அதன் பிறகுதான் பதில் வந்தது. செண்பகவல்லி எஞ்சினை நிறுத்தினாள், மறுபடி கிளப்பினாள், எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

'மாடத்தி, நாணல்பட்டி.'

மாடத்தி எழுத்தை உற்றுப் பார்த்தாள். "இன்னொருக்கா நிப்பாட்டு, பாப்போம்."

ஏழு முறை நிறுத்தினார்கள். ஏழு முறையும் மாடத்தி இருந்தாள். ஏழாவது முறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீசல் புகை கண்ணில் பட்டுவிட்டது என்றாள். எஞ்சின் அப்போது ஓடவில்லை.

புதிய இயக்கி ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கட்டளையைக் கொடுத்துக் காத்திருக்கும். திரும்பப் படித்துப் பார்த்த பிறகே பதில் சொல்லும். மருதப்பன் அதைப் படித்தார். இடைவெளிகளை எண்ணவில்லை.

"போன தடவ நான் போட்ட கையெழுத்து இன்னும் சொவத்துல இருக்கு. இந்த வாட்டி நான் மட்டும் போட மாட்டேன். நாணல்பட்டி மொத்தமும் ஓட்டிப் பாக்கட்டும்" என்றார்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையில் வந்து, பெயர் சொல்லி, எஞ்சினை நிறுத்தி, மறுபடி கிளப்பி, தம் பெயரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்கள். முழுதாக மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் பேரின்பநாதர் பரிவாரத்தோடு வந்தார்.

"பட்டியலில் இல்லாதவர்களின் கையெழுத்து செல்லாது!"

"ஓட்டிப் பாத்தவங்க போடணும்னுதான் சொவத்து விதில இருக்கு. பட்டியல்ல இருக்கணும்னு இல்ல" என்றார் மருதப்பன். "மாத்தணும்னா அரசர் திருத்தம் எழுதி ஒட்டட்டும். கையெழுத்துப் போட்டு, இங்க வந்து நின்னு பதில் சொல்லட்டும்."

"ஒரு பெயருக்கு நான்கு நொடியா? நாளெல்லாம் எழுதினாலும் இருபதாயிரம் பெயர்தான் ஏறும்! அயல்நாட்டார் சிரிக்க மாட்டார்களா?"

"சிரிக்கட்டும்யா" என்றாள் மாடத்தி. "எங்க ஊரு அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்."

அரசர் வரவில்லை. சுவரில் இருந்ததைக் கணினி ஏற்றுக்கொண்டது. மாதத்தின் கடைசி நாளில் நாணல்பட்டி மனை வாங்கியது. செய்தி பரவி, தொலைந்த ஊர்களெல்லாம் வந்து பெயருக்கு நான்கு நொடி நின்று பட்டியலுக்குத் திரும்பின. அடுத்த தேர்தலில் இல்லாதவர்கள் எல்லோரும் வாக்களித்தார்கள். உத்தமபாலர் தோற்றார். மாடத்தி அரசியானாள். பேரின்பநாதர் மட்டும் அமைச்சராகவே இருந்தார். அவர் எந்தப் பட்டியலிலிருந்தும் தொலைகிற ஆளில்லை.

அதற்குள் அணை என் ஊரையும் சேர்த்து இன்னும் பன்னிரண்டு ஊர்களை மூழ்கடித்திருந்தது. முதல் தர்பார் நண்பகலில் கூடியது. பேரின்பநாதர் ஒரு தாளை நீட்ட, அரசி அதை உரக்கப் படித்தாள்: "மூழ்கின ஊரு பன்னண்டுக்கும், ஒருத்தர் விடாம, நேத்தே மனை எழுதியாச்சு!"

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் இருந்த செண்பகவல்லி எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணோரமிருந்த அரண்மனைத் தலைமை மின்விசையிடம் போனாள். காவலர்கள் ஈட்டியைத் தாழ்த்திவிட்டு அரசியைப் பார்த்தார்கள். அரசி தாளைப் பார்த்தாள். பேரின்பநாதர், "மகாராணி, அரச நிந்தனை..." என்று தொடங்கினார். அரசி கையை உயர்த்தினாள். அது அவரை நிறுத்தவா, செண்பகவல்லியை நிறுத்தவா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

செண்பகவல்லி விசையைக் கீழே இழுத்தாள். மேலே விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. பன்னிரண்டு ஊர்க்காரர்களும் எழுந்து நின்றோம்.