தாய்மாமன் சீராகக் கொடுத்த கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் பதினொன்று போடலாமா

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் சுடலைராஜ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் இசக்கிப்பாண்டி கைகூப்பி எழுதிக்கொள்வது. திருச்செந்தூரான் புண்ணியத்தில் நானும், உங்கள் தங்கை தங்கபுஷ்பமும், கல்யாணப்பெண் ராமசெல்வியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். திசையன்விளையில் நீங்களும், உங்கள் வீட்டு அக்காவும், கடையும், கடை வாசலில் நிற்கிற வேப்பமரமும் அதே மாதிரி இருக்க வேண்டும். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் வைத்துவிடுவீர்கள். அப்புறம் அந்தப் பாதிக்கு உண்டான கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் கடைசி வரை படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்கிற ஒரு தைரியம்.

விஷயம் என்னவென்றால், ராமசெல்வியின் சடங்குக்கு மேளதாளத்தோடு தாம்பாள வரிசைக்கு நடுவில் வைத்து நீங்கள் கொண்டுவந்தீர்களே, அந்தக் கம்ப்யூட்டர். மற்ற தாய்மாமன்கள் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பார்கள். நீங்கள் பித்தளைத் தகட்டில் ‘ராமசெல்வி சடங்குக்குத் தாய்மாமன் சுடலைராஜ் சீர்’ என்று வெட்டி, பெட்டியின் மேலேயே பதித்துக் கொண்டுவந்தீர்கள். பிள்ளையின் பேரைவிட உங்கள் பேர் கொஞ்சம் பெரிதாக இருந்ததை அன்றைக்கே எல்லோரும் பாராட்டினார்கள். அதை நாங்கள் சாமி அறைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம். ஆயுத பூஜைக்கு என் கடைத் தராசுக்குக்கூட அப்புறம்தான், முதலில் உங்கள் தகட்டுக்குத்தான் சந்தனம் வைக்கிறாள் உங்கள் தங்கை. அதைத் திறந்தால் இன்றைய தேதி வரைக்கும் ‘சுடலைராஜ்’ என்று உங்கள் பேரைச் சொல்லித்தான் வரவேற்கிறது. என் வீட்டில் என் பேரைச் சொல்ல ஒரு சாமான் இல்லையே என்று நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இப்போது கொஞ்ச நாளாக அதைத் திறந்த உடனே ஒரு அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் பத்துக்கு ஆதரவு முடிந்துவிட்டதாம், பதினொன்றுக்கு மாற வேண்டுமாம், ஆனால் அப்படி மாறுவதற்கு இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லையாம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கடை பில், ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து அதில்தான் பார்க்கிறேன். ராமசெல்வி, இனிமேல் இதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள் அப்பா, பூட்டு இல்லாத கதவு மாதிரி எவன் வேண்டுமானாலும் உள்ளே வருவான் என்கிறாள். அவள் அம்மாவுக்குத் திருடன் பயமில்லை. கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் விடிந்தால் ‘முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது’ என்று ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறதே, இது என்ன சகுனம் என்று ஒரு துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டுவிட்டாள். போன வாரம் வண்ணாரப்பேட்டையிலிருந்து சம்பந்தி, கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்தார். ரெடிமேட் துணிக்கடைக்காரர், எதைக் கண்டாலும் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர். ஃபேன் காற்றில் துண்டு விலகியது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ‘தகுதி இல்லை’ என்று சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐயா, அது கம்ப்யூட்டரைச் சொல்லுது, எங்களைச் சொல்லவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போய்விட்டது.

சரி, புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று ஊரான் சொல்வான். ஊரானுக்கு உங்களைத் தெரியாது. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் கொண்டுவந்த பீரோவை ஹாலில் இடமில்லாமல் பின் அறையில் வைத்தோம் என்று இலையில் உட்காராமலேயே பஸ் ஏறிப் போனவர் நீங்கள். அதன் பிறகு எத்தனையோ நல்லது கெட்டது தாண்டித்தான் நீங்கள் மறுபடி என்னோடு பேசினீர்கள். நான் குறை சொல்லவில்லை மச்சான், மானஸ்தன் என்றால் அப்படித்தான் இருப்பான். ஆனால் வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் மணவறை ஏறுவேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள். உங்கள் தங்கையும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “எங்கண்ணன் மனச நோவடிச்சிட்டு எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் வேண்டாம், பாத்துக்கிடுங்க.” கடைச் சரக்கு முழுக்க வெள்ளத்தில் போன வருஷம்கூட நான் திருச்செந்தூரானுக்கு இத்தனை தேங்காய் நேர்ந்துகொண்டது கிடையாது.

வேறு வழியில்லாமல் காசிமேட்டுப் பையன் பிரகாஷைக் கூப்பிட்டேன். இந்தப் பக்கம் அத்தனை கடைக்கும் அவன்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறான். கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். சீர் வந்த சாமான் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுப் படி இறங்கக் கூடாது என்று உங்கள் தங்கை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சரி என்று ஹாலிலேயே பேப்பரை விரித்துப் பெட்டியைத் திறந்தான். மச்சான், திறந்ததும் ஒரு முறம் கரித்தூள் கொட்டியது. துறைமுகத்து நிலக்கரியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் காற்றில் வந்து எங்கள் மூக்கில்தான் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், உங்கள் சீருக்குள்ளும் குடியிருந்திருக்கிறது. கூடவே ஒரு பல்லி ஓடியது. அது எந்தத் திசையில் ஓடியது என்று கேட்டு உங்கள் தங்கை பஞ்சாங்கத்தை எடுக்க, பல்லி விழுந்தால்தான் பலன், ஓடினால் கிடையாது என்று நான் சொல்ல, ஓடுவதற்கு முன்னால் அது விழத்தானே செய்தது என்று அவள் கேட்க, பிரகாஷ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு டீ கேட்டான்.

அவன் பார்த்துச் சொன்னது இதுதான்: “அண்ணாச்சி, புச்சு இதுல ஏறாது. உள்ள கீற சில்லு பழ்சு. பொட்டிய அப்டியே வெச்சிகினு உள்ள மட்டும் மாத்தி குட்த்துர்றேன், இன்னா சொல்றே?” இன்னொன்றும் சொன்னான். உங்கள் பித்தளைத் தகடு காற்று போகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம், அதனால்தான் பெட்டி தோசைக்கல்லாகக் காய்கிறதாம். மழைக்காலத்தில் ராமசெல்வி அதன் மேல் ரிப்பன் காயவைப்பாள், அதை நாங்கள் அந்தக் கம்ப்யூட்டரின் ஒரு வசதி என்றே எண்ணியிருந்தோம்.

உள்ளே இருப்பதெல்லாம் வேறாகிவிட்டால் அது தாய்மாமன் சீர்தானா என்று வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. எதிர்வீட்டு கோவிந்தம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு விசைப்படகு இருக்கிறது. அவள் சொன்னாள், “எங்க மாமனாரு குட்த்த போட்டு. இஞ்சின மாத்திட்டோம், பலகைய மாத்திட்டோம், பேர மட்டும் மாத்தல. இன்னிக்கும் அது மாமனாரு போட்டுதான். உங்க வூட்டு பொட்டிக்கு மட்டும் இன்னா வந்துச்சாம்?” எனக்கு அவள் காலில் விழலாம் போல் இருந்தது. ஆனால் உங்கள் தங்கை விடுவாளா? படகு கடலில் போகிறது, அதை யார் திறந்து பார்க்கிறார்கள், சீர் சபையில் இருக்கிறது என்று ஒரே போடாகப் போட்டாள். கோவிந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அன்றைக்கு எங்களுக்கு மீனும் இல்லை.

ஆகவே மச்சான், பெரிய மனது பண்ணி ஒரு உத்தரவு கொடுங்கள். பெட்டி உங்கள் பெட்டி, தகடு உங்கள் தகடு, பேர் உங்கள் பேர், உள்ளே மட்டும் புதிய எந்திரத்தைப் போட்டு விண்டோஸ் பதினொன்றை ஏற்றிக்கொள்கிறோம். திறக்கும்போது உங்கள் பேரைச் சொல்வதையும் அப்படியே வைத்துக்கொள்கிறோம். தகட்டை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்திக்கொள்ள மட்டும் அனுமதி வேண்டும். வேண்டாம் என்றால் ஒன்றும் செய்ய மாட்டேன். திருடன் வந்தால் வரட்டும், பேங்குக்கு நடந்தே போய்க்கொள்கிறேன். நீங்கள் கல்யாணத்துக்கு வந்து பிள்ளை கையைப் பிடித்தால் அது போதும் எனக்கு.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தலை நிறைய முடியும், மண்டை நிறைய புத்தியும் கிடைக்க இந்தத் தாத்தா வேண்டிக்கொண்டதாகச் சொல்லுங்கள். உங்கள் வியாபாரம் பெருகட்டும், உங்கள் கோபம் என் பக்கம் வழி தெரியாமல் போகட்டும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
இசக்கிப்பாண்டி

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கடிதத்தை மடித்து உறையில் போடும் நேரத்தில் பிரகாஷ் வந்தான். உங்கள் உத்தரவு வரும்வரை எதையும் தொடாதே என்று நான் சொல்வதற்குள், காற்றோட்டம் பார்க்கிறேன் என்று தகட்டைப் பெயர்த்துவிட்டான். அடியில் இன்னொரு தகடு இருந்தது மச்சான். கொஞ்சம் சின்னது, அலுமினியம். ‘மச்சான் சுடலைராஜ் கடை திறப்பு விழாவுக்கு அன்புடன் இசக்கிப்பாண்டி, திருவொற்றியூர்’ என்று போட்டிருந்தது. நீங்கள் புதுக்கடை திறந்த வருஷம் எனக்குச் சரக்கு இறங்குகிற நாள், வர முடியவில்லை. ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடை காஜா மொய்தீனிடம் போனில் சொல்லி, பேர்த் தகடு வைத்து லாரி பார்சலில் ஒரு கம்ப்யூட்டர் உங்களுக்கு அனுப்பச் சொன்னேன். நான் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அது மறு வருஷமே மேளதாளத்தோடு என் வீட்டுக்கு வந்து, இத்தனை காலமாக நான் அதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோபமே வரவில்லை, சத்தியம். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மூச்சு நேராக வந்தது. உங்கள் தங்கை இரண்டு தகட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? “எங்கண்ணன் ஒண்ணும் அத வெளிய விக்கலியே. உங்க சாமான பத்திரமா உங்க கிட்டயே கொண்டாந்து சேத்துட்டாம்லா? இந்தக் காலத்துல யார் செய்வா?” சொல்லிவிட்டுப் போய் பிரகாஷுக்கு முட்டை தோசை சுட்டுப் போட்டாள். உள்ளே புதிய எந்திரம் போட்டாயிற்று, பதினொன்று ஏறிக்கொண்டிருக்கிறது.

இத்தனை நாளும் நீங்கள் கோபத்தில் வராமல் இருந்துவிடுவீர்களோ என்று பயந்தேன். இப்போது வெட்கத்தில் வராமல் இருந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படி ஏதும் செய்துவிடாதீர்கள் மச்சான். அந்தச் சின்னத் தகட்டை நான் குப்பையில் போட்டுவிட்டேன். உங்கள் தகட்டை ஒரு சாண் நகர்த்திப் பழையபடி ஒட்டியாகிவிட்டது. ராமசெல்விக்குத் தெரியாது, இனியும் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். சீருக்கென்று புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்குக் கொடுத்ததில் நல்லதாக எது மிச்சமிருக்கிறது என்று பார்த்து எடுத்து வாருங்கள்.