ஏழாவது மாடியில் வந்த அருள்

பக்தி அதிகமானால் கூடவே கொஞ்சம் கர்வமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்படித்தான். எங்கள் ஊரான திகாம் பத்துவின் கோயில் திருவிழாவில் எத்தனையோ பேருக்கு அருள் வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்கு மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை. (கொட்டாவிதான் வரும்.)

என் தங்கை மகள் கோமதி மெர்கோங்கில் அடுக்குமாடி வீடு வாங்கி, புதுமனை புகுவிழா வைத்தாள். ஏழாவது மாடி. நான் காலையிலிருந்து விரதம். கற்பூரத்தட்டைத் தூக்கியதும் தரை மெல்ல ஆடியது. தலை சுற்றியது. ‘தாயே, கடைசியில் என்னிடமும் வந்துவிட்டாயா!’ என்று உருகிப்போனேன்.

தட்டை வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தேன். சாதாரண ஆட்டமா அது! நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு... அதைவிடக் கொடுமை, எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

“மாமாவுக்கு சாமி வந்திருச்சு! எலுமிச்சம்பழம் கொண்டா லா!”

கோமதி கைக்குழந்தையோடு என் முன்னால் ஓடிவந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே, காலையில் நான் அவசரமாக மாட்டிய பெரிய சுவர்க்கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தது.

“தாயி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“நான் இருக்கேன்டி! அசையாம நில்லு!” என்று கர்ஜித்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி சரோஜா பாய்ந்து வந்தாள். அவளுக்குச் சுங்கை பட்டாணியில் கிலாங் வேலை. ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று அந்தத் தொழிற்சாலையில் பழக்கியிருந்தார்கள்.

“சாமி இல்ல, கெம்பா! நிலநடுக்கம்! யாரும் ஓடாதீங்க, மேசைக்கு அடியில போங்க! தலையக் கையால மூடிக்கிங்க!”

சொல்லிக்கொண்டே கோமதியையும் குழந்தையையும் இழுத்து மேசைக்கு அடியில் தள்ளினாள். பிறகு என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வேட்டி முதலில் உள்ளே போனது. நான் பின்னால் போனேன்.

கடிகாரம் விழுந்தது. கோமதி நின்ற இடம் முழுக்கக் கண்ணாடி.

கோமதி குழந்தையின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒருவர் மட்டும் லிஃப்ட் பக்கம் நகர்ந்தார்.

“லிஃப்ட் வேணாண்ணே! ஆட்டம் நிக்கட்டும், படியில எறங்கலாம்,” என்றாள் சரோஜா. ஆட்டம் நின்றதும் எல்லாரையும் கீழே கூட்டிப்போய், கட்டடத்தை விட்டுத் தள்ளித் திடலில் நிறுத்தினாள். என் இடுப்பில் மேசைவிரிப்பு.

“ஏம்மா, எனக்கு வந்தது அருள் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பசிங்க,” என்றாள்.

அன்று அந்த வீட்டுக்கு அம்மன் வந்தது சத்தியம். ஏழு மாடி ஏறி வந்தவள் சரியான ஆளைப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறாள். சரோஜா நெற்றியில் குங்குமத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

இப்போது எங்கள் குடும்பத்து பூஜையில் யாருக்கு அருள் வந்தாலும், சொந்தக்காரர்கள் முதலில் சரோஜாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் மேசைக்கு அடியில் போகவில்லை என்றால்தான் எலுமிச்சம்பழம் எடுக்கிறார்கள்.