பத்தாவது பட்டன்

"எட்டு, ஒம்போது" என்று எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டாள் குட்டி.

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்ப்பா."

கிடங்குக்காரர் குனிந்து எண்ணினார். ஒன்பதுதான். அவர் கொடுத்ததோ பத்து வெள்ளைப் பட்டன்கள். கிடங்கில் சரக்கு இருப்பைச் சரிபார்ப்பது அவர் உத்தியோகம். ஒரு சோப்புக் கட்டி குறைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் விடுப்பு எடுத்துக்கொண்டு நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்ளும் அன்று, அவர் வீட்டு இருப்பிலேயே ஒன்று குறைகிறது.

யோசனை மழலைப் பள்ளி டீச்சருடையது. "விரலுக்கு வேலை குடுங்க சார். சின்ன மூடியைத் திறந்து மூடட்டும். ஒரே மாதிரி இருக்கிறதச் சேர்த்து வைக்கட்டும், எண்ணட்டும்" என்றிருந்தார். மனைவி தையற்கடை வைத்திருப்பதால் பட்டனுக்குப் பஞ்சமில்லை. மூடிக்கு, தன் பிரஷர் மாத்திரைப் பெட்டியையே காலி செய்து கொடுத்தார். கிழமைக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு மூடி. மாத்திரைகளை அலமாரி உச்சியில் பத்திரப்படுத்திவிட்டு, அன்றைக்குரியதை மட்டும் மேஜையில் ஒரு சாஸரில் வைத்தார். கிடங்கிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே சாஸரில் கைவிட்டு வாயில் போட்டு, ஒரு மடக்கு தண்ணீரும் குடித்துவிட்டு வந்து பார்த்தால் இந்தக் கணக்கு.

"வாயில போட்டியா குட்டி?"

குட்டி உதட்டை இறுக்கிக்கொண்டாள். "சொல்ல மாட்டேன். அம்மா திட்டுவாங்க."

அவள் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தார். உள்ளே பட்டன் இல்லை.

ஒருவேளை உருண்டு போயிருக்கும் என்று சோபாவை நகர்த்தினார். சோபா இடித்து மனைவியின் பட்டன் டப்பா கவிழ்ந்தது. வீடு முழுக்கப் பட்டன். சத்தம் கேட்டு மாடிவீட்டு அண்ணன் இறங்கி வந்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது.

"வாழைப்பழம் குடுங்க தம்பி. வழுக்கிக்கிட்டுப் போயிடும்."

குட்டி சந்தோஷமாக மூன்று பழம் சாப்பிட்டாள்.

"அதுக்கு முன்னாடி தலைகீழா பிடிச்சு முதுகுல தட்டியிருக்கலாம்" என்றார் அண்ணன்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

இப்போதும் தட்டலாம் என்று தட்டினார்கள். மூன்று பழமும் அண்ணன் சட்டைக்கு வந்து சேர்ந்தன. அந்தச் சட்டையில் ஏற்கெனவே இருந்த பட்டன்களைத் தவிர வேறு பட்டன் எதையும் காணோம்.

"இன்னொரு தடவ" என்றாள் குட்டி.

மனைவிக்குப் போன் செய்து ஒரு மூச்சு திட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியெல்லாம் கண் கலங்கியது. பாழாய்ப்போன கணக்கு, பத்து வயதில் கற்றுக்கொண்டால் ஆகாதா? பிள்ளை நல்லபடியாக இருந்தால் போதும்.

குட்டி அவர் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். "வலிக்குதாப்பா?"

"பயத்துல கலக்குதும்மா."

"சரியாயிடும்ப்பா."

இவ்வளவு பாசமான பிள்ளைக்கா இப்படி என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தார். குட்டியை மேசைமேல் படுக்கவைத்து, அசையாமல் இருக்கும்படி எக்ஸ்ரே எடுப்பவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் மனைவி.

"ஏங்க, குழந்தையத்தான் பார்த்துக்கல, உங்களையாவது பார்த்துக்கக் கூடாதா? பிரஷர் எகிறியிருக்கும்னு கையோட எடுத்துட்டு வந்தேன். காலையில போட வேண்டிய மாத்திரை, இன்னும் சாஸர்லயே கிடக்குது."

உள்ளங்கையை விரித்தாள். வெள்ளையாக, வட்டமாக, சட்டைப் பட்டன் அளவில் இருந்தது மாத்திரை.

கிடங்குக்காரரின் கை மெல்லத் தன் வயிற்றுக்குப் போனது. எக்ஸ்ரே எடுப்பவர் அவரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

குட்டி எழுந்து உட்கார்ந்து அப்பாவின் காதருகே வந்தாள்.

"நான் சொல்லலப்பா. அம்மாவே கண்டுபிடிச்சுட்டாங்க."