பப்பாளி தின்றால் ஒன்றும் ஆகாது

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு வாய்க்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பல்லடம் பக்கம் ஒரு பப்பெயின் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தேன். பப்பாளிக்காயைக் கீறி வடித்த பாலைக் காயவைத்துப் பொடியாக்குவோம். கறியை மெத்தென்று ஆக்க, பீரைத் தெளியவைக்க என்று அது எங்கெங்கோ போகும். (எங்கே என்று யாராவது கேட்டால் 'ஃபாரின்' என்பேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.)

பொடி சலிக்கும் அறையில் சரசக்கா வேலை செய்தார். ஒரு திங்கட்கிழமை நான் அங்கே போனபோது, மூக்கில் கட்டியிருந்த முந்தானையை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க சார், ஞாயித்துக்கெழம ஊட்டுல நல்லாத்தான் இருக்கறனுங்க. இங்க வந்தா இழுப்பு புடிச்சுக்குதுங்க. லேபிள் ஒட்டற பக்கம் மாத்தியுட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

"திங்கக்கெழமையானா எனக்குந்தான் மூக்கு ஒழுகுதுங்கக்கா. அதுக்குப் பேரு வேலைக்கு வரப் புடிக்காத வியாதி" என்றேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நேராக முதலாளியிடம் போய்விட்டார்.

முதலாளி சலிக்கும் அறைக்கே வந்து என்னைக் கேட்டார். "ஏந் தம்பி, இந்தப் பொடி ஆளுக்கு ஆகாதுங்களா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். படித்தவன் என்ற திமிர் தலைக்கேறியது. "பப்பாளி தின்னு யாராச்சும் செத்துருக்கறாங்களாங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு கரண்டிப் பொடியை உள்ளங்கையில் கொட்டி, மல்லிகைப்பூவை மோந்து பார்ப்பவன் மாதிரி இழுத்தேன்.

பதினெட்டு தும்மல் வரை எண்ணினார்களாம். அப்புறம் தும்முவதற்குக் காற்றில்லை. நெஞ்சுக்குள் விசில் அடித்தது. பொடி மூட்டை ஏற்றும் வேனிலேயே போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "லீவு நாள்ல எப்படி இருக்கும்?"

வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். தின்றால் சும்மா இருப்பது மூச்சில் போனால் நெஞ்சைப் பிடிக்கும், மாதக்கணக்கில் உடம்போடு பழகி ஒருநாள் வேலையைக் காட்டும் என்று அவர்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள் திரும்பிப் போனால் என் மேஜைமேல் ஒரு புது மாஸ்க். ஒன்றே ஒன்று. சரசக்கா வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் இடத்தில் வேறொரு பெண், மூக்கில் முந்தானையோடு சலித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கை நான் போட்டுக்கொண்டேன்.

இன்றைக்கும் விசேஷ வீடுகளில் பழத்தட்டு வந்தால், "எங்கப்பாகிட்டக் கொண்டு போயிராதீங்க, பப்பாளிய மோந்து ஆஸ்பத்திரிக்குப் போனவரு" என்று என் மகள் ஆரம்பித்துவிடுவாள். பதினெட்டு தும்மலையும் நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவள் சொல்லும் கதையில் சரசக்கா கிடையாது. அந்தப் பகுதியை நான் வீட்டில் சொன்னதே இல்லை.