மலையில் கொட்டிய தேத்தண்ணி

தேத்தண்ணி கொட்டியது சரியாக மலையுச்சியில்.

சீமோன் கோப்பையை எட்டித் தூக்குவதற்குள் பனி முழுவதும் பழுப்பாகி, மலையேறிக்கொண்டிருந்த சிவப்பு ரயில் மூழ்கிவிட்டது. மேசையில் கிடந்த மற்ற மூன்று சுவிஸ் தபாலட்டைகளையும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். லுசேர்ன் மரப்பாலம், ஏரிக் கப்பல், பேர்ண் நகரத்துக் கரடிகள் எல்லாம் தப்பின. மலை மட்டும் போயிற்று.

அம்மா விட்டுப்போனவற்றில் சீமோன் கேட்டு வாங்கியது அந்த நான்கு அட்டைகளைத்தான். அவனுக்கு ஏழு வயதும் தங்கை நிரோஷினிக்கு ஐந்து வயதுமாக இருந்தபோது, அம்மா இருவரையும் ரொறன்ரோவிலிருந்து பேர்ணுக்கு, ஜோசப்பின் சின்னம்மா வீட்டுக்குப் பத்து நாள் கூட்டிப்போனார். வேலையில் லீவு கிடைக்காமல் அப்பா நின்றுவிட்டார். அதன்பிறகு எந்த நத்தார்ப் பண்டிகைக்கும் அம்மா அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. பிள்ளைகள் இருவரும் இடையில் புகுந்து திருத்துவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்வார்.

அம்மா மறைந்து இரண்டு வருடம். இன்று பின்னேரம் சின்னம்மா முதல் தடவையாகக் கனடாவுக்கு வருகிறார். அட்டைகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி அவரை ஒரு பாட்டம் அழவைக்க வேண்டும் என்பது சீமோனின் திட்டம். இப்போது அழுகை அவனுக்குத்தான் வந்தது.

மனைவி செலீனின் தலைமயிர் காயவைக்கும் மெசினை எடுத்து அட்டைக்கு மேலே பிடித்தான். ஈரம் போனது. அட்டை அப்பளம்போலச் சுருண்டது.

"அயன் பண்ணினால் நிமிரும்," என்றாள் செலீன், ஏர்போட்டுக்குப் போகச் சப்பாத்தைப் போட்டபடி. "மேல துணி வைச்சு, மெல்லமா."

துணி வைத்தான். மெல்லமாகத்தான் தேய்த்தான். துணியைத் தூக்கியபோது மலையும் கூடவே வந்துவிட்டது. அட்டையில் மிஞ்சியது ரயிலின் கடைசிப் பெட்டி.

வேறு வழியில்லாமல் டோர்செட் பார்க்கில் இருக்கும் தங்கைக்குப் போன் அடித்தான்.

"அம்மான்ர போஸ்ட்காட்டை அயன் பண்ணினனியோ? ஓ மை கோட், அண்ணா!"

"கத்தாதை. நெட்டில இருந்து அதே மலையை எடுத்துப் பிரின்ற் பண்ணிறன்."

"உன்ர பிரின்ரர்ல ஒண்டும் வேண்டாம். நான் கடையில போட்டோவா எடுத்துக்கொண்டு வாறன்."

அவள் வரும்வரை சீமோனுக்குப் பொறுமை இல்லை. தானும் ஒன்றை அச்சிட்டான். நிரோஷினி வந்தபோது மேசையில் இரண்டு மலைகள் ஆயின. அவனுடையதில் நீல மை தீர்ந்து வானம் ரோஸ் நிறத்தில் இருந்தது. அவளுடையது ஜன்னல் அளவு.

"உது வேற மலை," என்றான் சீமோன்.

"உன்ரதுதான் வேற. இதிலதான் ரயில் நடுவழியில நிண்டது. நீ சத்தி எடுத்தனி, அம்மா தன்ர லேஞ்சியால வாயைத் துடைச்சவ."

"சத்தி எடுத்தது நீ! அதுவும் கப்பல்ல. மலையில நான் ஜன்னலால கையை நீட்டிப் பனியை அள்ளித் திண்டனான். இப்ப நினைச்சாலும் பல்லுக் கூசுது."

"அது நான் திண்டது! எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு."

"உனக்கு அப்ப அஞ்சு வயசு. உனக்கென்ன தெரியும்?"

அவ்வளவுதான். நிரோஷினி மரப்பாலத்தையும் கரடிகளையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான் என்ர வீட்டில மாட்டிறன். நீ உன்ர ரோஸ் வானத்தோட இரு."

சீமோன் கைப்பையின் மறுவாரைப் பிடித்து இழுத்தான். முப்பது வயது தாண்டிய இருவரும் மேசையை ஒருமுறை சுற்றி வந்தார்கள். அம்மா இருந்திருந்தால் கதையை முதலிலிருந்து தொடங்கி இருவரையும் ஒரே ரயிலில் ஏற்றியிருப்பார். இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியிருக்க வேண்டும். பிடி தானாகத் தளர்ந்தது.

அப்போது கதவு திறந்தது. செலீனுக்குப் பின்னால் அம்மாவின் அதே மூக்கோடு சின்னம்மா நின்றார். யாரும் சட்டம் போட்டு எதையும் மாட்டாமலே மூவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அழுது முடித்ததும் நிரோஷினி விடவில்லை.

"சின்னம்மா, நீங்களே சொல்லுங்கோ. நாங்கள் ரயில்ல ஏறிப் போனது எந்த மலை? ஆர் பனி திண்டது?"

சின்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு மலைகளையும் பார்த்தார். பிறகு இருவரையும் பார்த்தார்.

"எந்த மலைக்குப் பிள்ளையள் போனனீங்கள்? அங்க வந்திறங்கின அண்டைக்கே ரெண்டு பேருக்கும் உடம்பெல்லாம் கொப்புளிப்பான் போட்டு, பத்து நாளும் அறையை விட்டு வெளிய வரேல்லை. நீங்கள் சொறியக்கூடாதெண்டுதானே அக்கா கட்டில்ல இருந்து உந்தப் போஸ்ட்காட்டுகளைக் காட்டிக் காட்டி ரயில் ஓட்டினவ!"